பூட்டிய கட்டடத்தின் கூரையில் யார் ஏறுவது?

பழுதான கான்கிரீட்டைச் சரிசெய்வது என் தொழில். வீடு கரமனையில், வேலை திருவனந்தபுரம் நகரத்திலும், வடக்கே கொல்லம் தொட்டுத் தெற்கே நாகர்கோவில் வரையுள்ள கடலோர ஊர்களிலும். என்னோடு வேலை செய்கிறவர்கள் அநேகமாக மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள். விடிகாலையில் பஸ் ஏறி வந்து கரமனையில் இறங்குவார்கள். ஜங்ஷன் டீக்கடையில் அன்றைய வேலையைப் பேசிவிட்டுக் கிளம்புவோம். சைட்டில் முதலில் கையில் எடுப்பது ஒரு சின்னச் சுத்தியல். ஸ்லாபின் அடியில் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று கேட்கும். கெட்ட இடம் பொக்கென்று கேட்கும். எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. இந்தச் சத்தத்தை நான் இன்னும் அவற்றுக்கு மேலாக நம்புகிறேன்.

மொட்டைமாடி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாயிற்று. மனசை அலைக்கழிக்கிற வேலை வேறு. சுதந்திரத்துக்குப் பிறகு, ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை எழுந்த நவீனத்துவக் கட்டடங்களைச் சொல்கிறேன். பூச்சு இல்லாத கான்கிரீட், தட்டையான கூரை, நீண்ட மெல்லிய சன்ஷேட், காற்றுக்காக விட்ட ஓட்டைச் சுவர். புது நாடு ஒன்று தன் பல்கலைக்கழகங்களையும் அரங்கங்களையும் எப்படிக் கற்பனை செய்தது என்பதற்கு அவைதான் சாட்சி. அவற்றின் மேல் எனக்குப் பெரிய பிரியம் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட கட்டடம் ஒன்றின் பெயர் பாரம்பரியப் பட்டியலில் ஏறினால் பத்திரிகையில் செய்தி வரும், மாணவர்கள் வந்து படம் வரைவார்கள். அந்தச் சந்தடி அடங்கிய பிறகு எஸ்டிமேட் போட வருகிறவன் நான். அப்போது பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: ஒரு கான்கிரீட் கட்டடத்தை இடிக்கக்கூடாது என்று மட்டும் சொல்லி, அதில் யார் புழங்குவது, எந்தப் பணத்தில் பராமரிப்பது என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்த உத்தரவு அதை மெதுவாக இடிக்கிற உத்தரவாகத்தான் முடிகிறது.

எங்கள் கரமனை அக்ரஹாரத்து வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியாது. அங்கே சத்தியவாகீஸ்வரர் கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் கூரைக் கழுக்கோல் உளுத்தால் ஆசாரியைக் கூப்பிடுவார்கள். அவர் ஓட்டைப் பிரித்து, உளுத்ததை மட்டும் எடுத்துவிட்டு, புது ஆஞ்ஞிலிக் கட்டையை இழைத்து வைப்பார். சாயங்காலம் வீடு பழைய வீடாகவே நிற்கும். பத்மநாபபுரம் அரண்மனையும் இப்படித்தான் நிற்கிறது. 1956-ல் அந்த மண் தமிழ்நாட்டுக்குப் போன பிறகும் அரண்மனை கேரளத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. பலகை பலகையாக, ஓடு ஓடாக மாற்றிக் காப்பாற்றுகிறார்கள். மரக் கட்டடம் உறுப்பு உறுப்பாகச் சேர்த்தது. ஓர் உறுப்பு போனால் அதை மட்டும் மாற்ற அதில் இடம் வைத்திருக்கிறார்கள்.

கான்கிரீட்டுக்கு அந்த வசதி கிடையாது. தூண், பீம், ஸ்லாப் எல்லாம் ஒரே பிண்டமாக வார்த்தவை. கெட்டுப்போவதும் உள்ளிருந்து. சிமெண்டின் காரத்தன்மை இருக்கும்வரை உள்ளே கம்பி துருப்பிடிக்காது. புதிதாக வார்த்த கான்கிரீட்டில் பி.எச். 13-ஐ ஒட்டி இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுவிடும். 9-க்குக் கீழே போய்விட்டால் கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. அதற்குமேல் ஈரமும் உப்பும் சேர்ந்தால் போதும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் மூடியிருக்கிற கான்கிரீட்டை வெடித்துத் தள்ளும். மழைக்காலத்தில் சன்ஷேட் ஒன்று தெருவில் விழுந்தால் காற்றைக் குறை சொல்கிறோம். அதற்குப் பல வருஷம் முன்பே உள்ளே வேலை முடிந்திருக்கும்.

அந்தக் காலத்துக் கட்டடங்களில் கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடுதல் மிகக் குறைவு. 1978-ஆம் வருஷத்து ஐ.எஸ். 456 விதிகளே ஸ்லாபுக்கு 15 மில்லிமீட்டர் போதும் என்றன. 2000-ல் திருத்திய விதிகள் வீட்டுக்குள் போன்ற மிதமான சூழலுக்கு 20, கடலோரச் சூழலுக்கு 45, அதைவிடக் கடுமையானதற்கு 50 மில்லிமீட்டர் என்று உயர்த்தின. மெல்லியதாக, காற்றில் மிதப்பதுபோல் தெரியவேண்டும் என்று வரைந்த சன்ஷேட்டில் 50 மில்லிமீட்டரை எங்கே வைப்பது? அதன் அழகும் ஆயுள் குறைவும் ஒரே கோட்டில் வரைந்தவை. போதாததற்கு அறுபதுகளில் முறுக்குக் கம்பி வந்தது. பழைய வழுவழுக் கம்பியைவிடப் பலம் அதிகம், துருவும் சீக்கிரம். இரண்டையும் ஒரே கட்டடத்தில் உடைத்துப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள்.

கேரளத்துக் காற்றில் உப்பு, வானத்தில் இடவப்பாதி மழை, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் துலாவர்ஷம். இந்த ஊரில் தட்டைக் கூரை போட்டவர்கள் தினமும் ஆள் இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டார்கள். கூரை ஓரத்தில் தண்ணீர் இறங்குகிற குழாயின் வாயை மாவிலையும் ஆலம்பழமும் அடைக்கும். ஆள் புழங்குகிற கட்டடத்தில் யாராவது ஏறிப் பார்ப்பார்கள். பூட்டிய கட்டடத்தில் கூரை குளமாகும். குளத்தின் ஓரத்தில் ஆலங்கன்று முளைக்கும். அதன் வேர் பாரபெட்டுக்கும் ஸ்லாபுக்கும் நடுவே நுழைந்தால், அந்த வழியே போகிற தண்ணீர் நேரே கம்பியைத் தேடிப் போகும்.

அப்படியொரு கட்டடம் எனக்கு வாய்த்தது. தெற்குக் கேரளக் கடற்கரையில் ஓர் ஊர். அறுபதுகளின் கடைசியில் ஒரு நிறுவனம் கட்டிய அரங்கம். ஊரையும் நிறுவனத்தையும் சொல்லப் போவதில்லை. மடித்த காகிதம்போல் அலையலையாக எழுந்து இறங்குகிற கூரை; அடியில் ஒரு தூண்கூட இல்லை. பக்கவாட்டில் வெயில் மறைக்க வரிசையாக நிற்கிற மெல்லிய கான்கிரீட் தகடுகள். அவற்றின் மேல் சென்ட்ரிங் பலகையின் மரவரி அப்படியே பதிந்திருந்தது. அந்தக் காலத்துக் கொத்தனார்கள் ஒவ்வொரு பலகையையும் தேர்ந்து அடுக்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. நான் அங்கே நின்று வெகுநேரம் பார்த்தேன். இப்படி ஒன்றை இன்று வார்க்கச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்?

நிறுவனம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அரங்கம் பூட்டிக்கிடந்தது. விற்கலாம் என்று தொடங்கியபோது ஆர்வலர்கள் மனுப் போட்டார்கள். அனுமதி இல்லாமல் ஒன்றையும் தொடக்கூடாது என்று கடிதம் வந்தது. இடிக்கத் தடை. பூட்டைத் திறந்து பராமரிக்கவேண்டும் என்று யாருக்கும் கட்டளை இல்லை. பல மழைக்காலம் கழிந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

தட்டிப் பார்த்தோம். கூரையின் பள்ளங்களில் பாதிக்குமேல் பொக்கு. உடைத்த இடத்தில் பினாப்தலீன் தெளித்தோம். காரம் இருந்தால் அது இளஞ்சிவப்பாகும். வெளி முகத்திலிருந்து கம்பியைத் தாண்டியும் நிறம் ஏறவேயில்லை. துருவின் மின்னழுத்தம் அளக்கிற கருவியில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் துரு நடக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அங்கே அதைத் தாண்டாத இடத்தைத் தேடவேண்டியிருந்தது. எங்கள் மேஸ்திரி ஒரு தகட்டின் அடியைக் கொத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சாரே, இங்க வந்து பாருங்க. உள்ள கம்பி இல்ல, துருதான் கெடக்கு."

கம்பி இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. விரலால் தொட்டால் உதிர்ந்தது.

பிறகு கூட்டம் நடந்தது. கட்டடக்கலை படித்தவர்கள் பலகையின் மரவரி கெடக்கூடாது என்றார்கள். ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் தகடுகளைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி மைக்ரோ கான்கிரீட்டால் போர்த்தவேண்டும் என்றார். போர்த்தினால் தகடு இருமடங்கு தடிக்கும், மரவரி உள்ளே போய்விடும். சொந்தக்காரர்களுக்கு இரண்டிலும் விருப்பமில்லை, பணமும் இல்லை. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் சொன்னது அவரவர் நிலையில் சரி.

நான் என் தொழில் தெரிந்ததைச் சொன்னேன். உடைந்த இடத்தை மட்டும் ஒட்டினால், ஒட்டின் ஓரத்தில் பழைய கான்கிரீட்டுக்குள் துரு இன்னும் வேகமாகத் தொடங்கும். ஒட்டு நன்றாக இருக்கும், பக்கத்தில் வெடிக்கும். இதைத் தடுக்கத் துத்தநாக ஆனோடுகளை உள்ளே பதிக்கலாம். அவையும் கரைந்துபோகிறவை, பிற்பாடு மாற்றவேண்டியவை. நிறம் இன்னொரு சிக்கல். பழைய கான்கிரீட்டில் இருந்தது ஆற்றுமணல். 2001-ல் வந்த கேரள ஆற்றுமணல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது கைக்கு எட்டாத பொருள். எங்கள் கரமனையாறு மணல் அள்ளி அள்ளிக் குழியானதைப் பார்த்தவன் என்ற முறையில் அந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் எம்சாண்டில் கலந்த ஒட்டு, பழைய சுவரில் வேறு நிறமாகத்தான் தெரியும். ஒழுங்காகச் செய்தால் சதுர அடிக்கு ஆகும் செலவு புதிதாகக் கட்டும் செலவைத் தாண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

எஸ்டிமேட் ஃபைலுக்குள் போயிற்று. கூரைக்குக் கீழே முட்டு மட்டும் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். அந்த முட்டுக்கு அடியில் நின்று என் ஆட்கள் வேலை செய்த நாட்களில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பாரம்பரியத்தைப் பற்றிய பேச்சில் இந்த ஆட்களின் தலைக்குமேல் தொங்குகிற எடை வருவதேயில்லை. அரங்கம் இன்னும் நிற்கிறது, முட்டின் மேல்.

நம் சட்டங்கள் இந்தக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதியவை அல்ல. 1958-ஆம் வருஷத்து மத்தியத் தொல்லியல் சட்டம் நூறு வருஷமாவது ஆனதைத்தான் தொடும். சுதந்திர இந்தியா கட்டிய எதுவும் அதற்குள் வர 2047 ஆகவேண்டும். டெல்லியில் அறுபது வருஷம் என்றார்கள். ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972-ன் ஆசிய வணிகக் கண்காட்சிக்காகப் பிரகதி மைதானத்தில் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் அந்தக் கணக்கில்தான் தோற்றது. உருக்குக் குழாய்களில் செய்யவேண்டிய முப்பரிமாணச் சட்டகத்தை, உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்த நாட்டில் கான்கிரீட்டில் அந்த இடத்திலேயே வார்த்தார்கள். 78 மீட்டர் அகலத்துக்கு நடுவில் தூண் கிடையாது. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்தார்கள். அதற்கு வயது 45. என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது துக்கச் செய்திதான். இன்றைக்கும் அதன் புகைப்படத்தைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அகமதாபாத் ஐ.ஐ.எம். வேறு கதை. லூயி கான் வரைந்தது, பி.வி. தோஷியும் அனந்த் ராஜேயும் கூட இருந்தார்கள். 2020 டிசம்பரில் 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. உலகம் முழுவதிலிருந்தும் எதிர்ப்பு வரவே, 2021 ஜனவரி முதல் தேதியன்று அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். 2022 நவம்பரில் மறுபடி, விடுதிகளை மீண்டும் கட்டத்தான் வேண்டும், வெளித்தோற்றம் பழையபடி இருக்கும் என்றார்கள். செங்கல் சுவருக்குள் பதித்த கம்பி துருவேறிச் சுவரைப் பிளந்தது என்று அவர்கள் சொன்ன காரணத்தைப் பொய் என்று தள்ள என்னால் முடியாது. அப்படிப் பிளந்த சுவர்களை நான் இங்கே பார்த்திருக்கிறேன். அதே வளாகத்தில், அதே செங்கல்லில் நிற்கிற விக்ரம் சாராபாய் நூலகத்தைப் பழுதுபார்த்து, 2019-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் வாங்கினார்கள். ஆகவே முடியாது என்பதும் உண்மையில்லை. பணமும் நேரமும் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினார்களா என்பதுதான் வித்தியாசம். கோவாவில் சார்லஸ் கொரியாவின் கலா அகாடமியில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 2023 ஜூலையில் திறந்தவெளி அரங்கின் கூரை சரிந்து விழுந்தது. வேலை தொடங்கிவிட்டது என்பதாலேயே கட்டடம் பிழைத்துவிட்டதாகச் சொல்லமுடியாது.

நாம் கேட்கிற பாதுகாப்பு முழுதாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தைப் பார்க்கவேண்டும். கிளாஸ்கோ நகருக்கு அப்பால் கார்ட்ராஸ் என்ற கிராமத்தில் 1966-ல் பாதிரிமார் பயிற்சிக்காகச் செயின்ட் பீட்டர்ஸ் குருமடம் கட்டினார்கள். நவீனத்துவத்தின் உச்சங்களில் ஒன்று என்று பேர்பெற்ற கான்கிரீட் கட்டடம். அது எழுந்த சமயத்திலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பாதிரிமார் பயிற்சியின் முறை மாறத் தொடங்கிவிட்டது. மாணவர்கள் குறைந்தார்கள். கூரை ஒழுகியது. 1980-ல் குருமடம் மூடியது. கொஞ்ச காலம் போதை மறுவாழ்வு மையமாக இருந்து, அதுவும் போயிற்று. அந்நாட்டின் மிக உயர்ந்த 'ஏ' வகைப் பாதுகாப்பு வந்தது 1992-ல், கட்டடம் பாழாகிக்கொண்டிருந்தபோது. கண்ணாடியும் மரமும் போய், எலும்புக்கூடு மிஞ்சியது. இடிக்கச் சட்டம் விடவில்லை. விற்க முடியவில்லை, சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை என்று சபை வெளிப்படையாகவே சொன்னது. கலை அமைப்பு ஒன்று எடுத்து நடத்த முயன்று 2018-ல் கைவிட்டது. 2020-ல்தான் ஓர் அறக்கட்டளை பொறுப்பேற்றது. பணக்கார நாடு, பழைய கட்டடங்களைப் பேணுவதில் நீண்ட பழக்கம் உள்ள நாடு. அங்கேயே இந்தக் கதி. முட்டின் மேல் நிற்கிற எங்கள் அரங்கத்துக்கு வெறும் தடைக்கடிதம் என்ன செய்துவிடும்?

இதற்கு மறுபக்கம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. உள்ளூர் என்ற இடத்துப் பக்கம் இருக்கிற வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். பொருளியலறிஞர் கே.என். ராஜ் கேட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் லாரி பேக்கர் கட்டியது. பூச்சில்லாத செங்கல், ஓட்டைச் சுவர், வட்ட வடிவ நூலகக் கோபுரம். பேக்கர் கான்கிரீட்டைக் கஞ்சத்தனமாகச் செலவழித்தவர். ஸ்லாபின் அடிப்பாதியில், வேலை செய்யாத இடத்தில் பழைய ஓட்டை வைத்து நிரப்பிவிடுவார்; செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் கட்டி, நாலில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சம் பிடிப்பார். அங்கேயும் பாசி பிடிக்கிறது, ஒழுகுகிறது. ஆனால் தினமும் அங்கே படிக்கிறார்கள், எழுதுகிறார்கள். ஒழுகினால் புத்தகம் நனையும், உடனே ஆள் ஏறும். தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ், சுருளாக ஏறுகிற தளத்தில் மேஜையும் பெஞ்சும் சுவரோடு சேர்த்துக் கட்டியது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காலை முதல் இரவு வரை கூட்டம். அத்தனை கால் படுவதால் தேய்கிறது. அத்தனை கண் படுவதால் பிழைக்கிறது.

புதுச்சேரியின் கோல்கொண்ட் விடுதி இன்னும் பழையது. அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பில், ஜார்ஜ் நாகஷிமாவும் ஃபிரான்டிசெக் சாம்மரும் நின்று நடத்த, முப்பதுகளின் பிற்பாதியில் தொடங்கி நாற்பதுகளில் முடித்தார்கள். வங்கக் கடலிலிருந்து நடக்கிற தூரம். உப்புக் காற்று எங்களுக்குக் குறையாமல் அங்கேயும் உண்டு. அரவிந்த ஆசிரமவாசிகள் அதில் குடியிருந்து தங்கள் வீடாகவே அதைப் பேணுகிறார்கள். எந்த அரசாணையும் அந்தக் கட்டடத்துக்கு இதைவிட நல்லதைச் செய்திருக்க முடியாது. கோவளத்தில் கொரியா மலைச்சரிவோடு சரிவாக இறக்கிக் கட்டிய விடுதி, 2002-ல் அரசிடமிருந்து தனியாருக்குப் போயிற்று. சேர்த்துக் கட்டினார்கள், மாற்றினார்கள். கொரியாவின் வரைபடத்தைத் தெரிந்தவர்களுக்கு வருத்தம்தான். நான் அந்த வருத்தத்தை ஏற்றுக்கொண்டே, அது ஓட்டலாக இயங்குவதை நல்லதென்று சொல்வேன். மாற்றம் கொஞ்சம் பொறுக்காத பாதுகாப்பு, கட்டடத்தை யாருக்கும் உதவாததாக்கி நிறுத்திவிடும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பதை இந்தத் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. சிலவற்றை அளந்து, வரைந்து, படம் எடுத்து, ஒரு தகட்டையாவது அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு, கண்ணீரோடு போகவிடவேண்டும். டோக்கியோவில் 1972-ல் கிஷோ குரோகாவா கட்டிய நாககின் கோபுரத்தின் 140 பெட்டி அறைகளைக் குறிப்பிட்ட காலத்தில் மாற்றுவதாகத்தான் திட்டம், ஒருமுறைகூட மாற்றவில்லை. 2022-ல் பிரித்தபோது 23 பெட்டிகளைப் பத்திரப்படுத்தினார்கள். தூளாகப் போயிருக்கவேண்டியதில் இவ்வளவாவது மிஞ்சியது. எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கிற மேஜையில் கட்டடக்கலைஞர்களோடு, ஸ்லாபைத் தட்டிப் பார்த்த ஒருவரும், பணம் கட்டப்போகிற ஒருவரும் உட்காரவேண்டும். பல ஊர்களில் அந்த இரண்டு நாற்காலியும் காலியாக இருக்கின்றன.

கெட்டி அறக்கட்டளை 2014 முதல் 2020 வரை உலகெங்கும் நவீனக் கட்டடங்களுக்கு உதவியது. சண்டீகர் காந்தி பவனும் அகமதாபாத் சர்தார் படேல் ஸ்டேடியமும் அதில் உண்டு. அந்தப் பணம் முக்கியமாகத் திட்டம் தயாரிக்க. அதைக் குறைவாகச் சொல்லமாட்டேன். எந்தப் பீம் எந்த நிலையில் இருக்கிறது, எதை எந்த வருஷம் செய்வது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஆனால் திட்டத்துக்குப் பிறகு வருகிற செலவு வருஷா வருஷம் வருகிறது. சொத்து வரியில் கழிவு, தேவையில்லாத பின்கட்டை மாற்றிக் கட்ட அனுமதி, அரசு அலுவலகம் ஒன்றை அங்கே வாடகைக்கு வைப்பது என்று ஏதாவது ஒரு வழியில் அந்தச் செலவுக்கு ஊற்று காட்டாத உத்தரவில் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கட்சி.

உங்கள் கல்லூரியிலோ ஊரிலோ இப்படி ஒரு கட்டடம் இருக்கும். காப்பாற்றுங்கள் என்று மனு வந்தால் கட்டாயம் கையெழுத்துப் போடுங்கள். போடுவதற்கு முன், அந்த மனுவில் இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு வருஷமும் ஜூன் முதல் தேதிக்குள் அந்தக் கூரையில் ஏறி வடிகாலைச் சுத்தம் செய்யப்போகிறவர் யார், அவருக்குக் கூலி கொடுக்கப்போகிறவர் யார் என்று.